துளையிடப்படாத விளிம்பு

நான் இலங்கையில் இருபத்தாறு ஆண்டுகள் மோட்டார் வாகனப் பரிசோதகராகப் பணியாற்றியவன். யாழ்ப்பாணத்தில் பேர்பெற்ற கல்லூரியொன்றில் படித்து, கொழும்பில் பொறியியல் பயின்று, அரச நியமனம் பெற்றவன். எனது கையெழுத்தைப் பெறுவதற்காக வாழைக்குலையுடன் வீட்டுப் படலையில் வந்து நின்ற பஸ் முதலாளிமார், அதே வாழைக்குலையுடன் திரும்பிப் போயிருக்கிறார்கள். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் நான் எழுதப்போவதில் எனது பிழை ஒன்றும் வருகிறது. அந்தப் பிழையைச் செய்தவன் தொழில் தெரியாதவன் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது.

இந்தக் கதைக்குரிய அம்மையாரை நான் அறிந்தது தொண்ணூறுகளின் முற்பகுதியில். கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தில், எங்களுக்கு மூன்று மாடி கீழே, மகனுடன் குடியிருந்தார். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். அப்போது ஐம்பத்தைந்து வயதிருக்கும். மெலிந்த, நிமிர்ந்த உருவம். கழுத்தில் ஒரே கறுப்பு நூலில் இரண்டு பொருள்கள் தொங்கும்: ஒரு சிறிய சிலுவை, தையல் பிரிப்பதற்கான ஒரு சிறிய கவைக்கத்தி. லிஃப்டில் ஏறினால் பக்கத்தில் நிற்பவரின் கோட்டுத் தையலைத்தான் முதலில் பார்ப்பார். முகத்தைப் பிறகு பார்ப்பார்.

பகலில் மிசிசாகாவில் ஒரு கடையில் வேலை. பழைய கார்களுக்கு இருக்கைத் தோலும் துணிக்கூரையும் தைக்கும் கடை அது. போவதற்கு ஒரு சுரங்க ரயில், இரண்டு பஸ், வருவதற்கும் அவ்வாறே. மாலையில் கட்டடத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுப்பார். நன்றாகத் தைப்பவர்கள் ரொறன்ரோவில் வேறு பலரும் இருந்தார்கள். அவரைப் போலப் பிரிப்பவர் எவரும் இருக்கவில்லை.

என் இளைய மகளின் திருமணத்துக்கு முதல்நாள் எனது மனைவியின் சட்டையைக் கொண்டுவந்தார். மனைவி அணிந்து பார்த்தார். கூடியிருந்த பெண்கள் எல்லோரும் நன்றாயிருக்கிறது என்றார்கள். அம்மையார் மட்டும் எட்ட நின்று தோளைப் பார்த்தார்.

"அக்கா, ஒருக்காக் கழட்டுங்கோ."

"ஏன் தங்கச்சி? நல்லாத்தானே கிடக்கு."

"வலப்பக்கத் தோள் அரை அரிசி இறங்கிப் போச்சு. பிரிச்சுத் தைச்சுத் தாறன்."

"விடும், அதை ஆர் பாக்கப்போகினம்?"

"நான் பாத்திட்டனே, அக்கா."

அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் திரும்பிக் கொண்டுவந்தார். முன்னைக்கும் பின்னைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மனைவிக்கும் தெரியவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

அவரைப் பற்றிக் கட்டடத்தில் ஒரு கதை உலவியது. லிஃப்டில் ஒருவர் எனக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்னார். "ஐயாவுக்குத் தெரியுமோ? உவவின்ரை அகதி விசாரணையிலை, மனிசன் செல்லடியிலை செத்தவர் எண்டு மொழிபெயர்ப்பாளர் எடுத்துக் குடுத்திருக்கிறார். உவ எழும்பி நிண்டு, இல்லை, நெருப்புக்காய்ச்சல் எண்டிருக்கிறா. தன்ரை கேசைத் தானே உடைச்ச ஆளை நான் இப்பத்தான் காணுறன்."

எனக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. பிறகொருநாள் அவரிடமே கேட்டேன்.

"சண்டையிலை ரோட்டுப் பூட்டு, ஐயா. மருந்து வரேல்லை. காய்ச்சல்தான் கொண்டது. அதெல்லாம் சொன்னனான். செல்லடியிலை செத்தது வேறை ஒருத்தியின்ரை மனிசன். அவளின்ரை வீட்டுச் சாவை நான் என்னெண்டு எடுக்கிறது?"

அவரது விண்ணப்பம் நெடுநாள் இழுபட்டு, பின்னரே ஏற்கப்பட்டது. அந்த நாள்களில் அவர் பட்ட கலக்கத்தை நான் அறிவேன். ஆயினும், சொன்னதை எண்ணி அவர் வருந்தியதாக ஒருபோதும் காணவில்லை.

இனிக் காரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்தக் கடைக்கு ஒரு பல்வைத்தியர் தமது காரைக் கொண்டுவந்திருந்தார். ஐம்பதுகளில் பிரித்தானியாவில் செய்யப்பட்ட, இரண்டு பேர் மட்டும் அமரக்கூடிய, நிலையான கூரையற்ற பந்தயக் கார். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அறிந்தவர்கள் வர்ணனையிலிருந்தே அறிந்துகொள்வார்கள். சாதாரணக் குடும்பக் கார் ஒன்றின் நான்கு சிலிண்டர் எஞ்சினை எடுத்து, நாணல் போல நீண்டு வளைந்த உடலில் வைத்திருந்தார்கள். முன்கண்ணாடியை அடியில் தளர்த்தி, எஞ்சின் மூடியான பொனற் மீது ஏறக்குறையப் படுக்கும்படி சாய்த்துவிடலாம். காற்று மேலால் வழுக்கிப் போகும். கம்பி ஆரம் வைத்த சில்லுகள் ஒவ்வொன்றையும் சிறகு வைத்த ஒரே திருகு பிடித்திருக்கும். சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் சில்லு கையோடு வரும். புகைக்குழாய் மட்டும் நிலத்துக்கு மிக அண்மையில் ஓடியது. இங்கிலாந்தின் வீதிகளை நினைத்து வரைந்தவர் எங்கள் வீதிகளைக் கண்டிருக்க மாட்டார். கடையில் வாங்கிய காரில் இலக்கத்தை ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் ஓயாது ஓடும் பந்தயத்தில் ஓட்டிவிட்டு, அதே காரில் வீடு திரும்பியவர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். அழகுக்கு வேறு கார்கள் உண்டு. ஆனால் அழகும் நேர்மையும் ஒரே தகட்டில் அடிக்கப்பட்டது அந்தக் கார்.

அவ்வகைக் கார் ஒன்று இலங்கைக்கு வந்தது. ஒரு வெள்ளைக்காரத் தோட்டத்துரை கொண்டுவந்தார். நுவரெலியா மலையேற்றப் போட்டிகளில் அது ஓடியது. கட்டுகுருந்த விமானத் தளப் பந்தயத்தில் அது ஓடியதை, மாணவனாக இருந்தபோது கம்பி வேலிக்கு இப்பால் நின்று என் கண்ணால் கண்டேன். முன்கண்ணாடி சாய்ந்திருந்தது. இடப்பக்க இருக்கையைக் கறுப்புத் துணியால் இழுத்து மூடியிருந்தார்கள்; காரில் துரையின் தலை மட்டுமே தெரிந்தது. துணியைச் சுற்றிலும் பித்தளைப் பொத்தான்கள் வெயிலில் மின்னின. அதைவிடப் பெரிய கார்கள் பின்னால் வந்துகொண்டிருந்தன.

பல ஆண்டுகளின் பின், நான் பரிசோதகரான காலத்தில், அதே கார் என் முன் வந்து நின்றது. சுருட்டு வியாபாரி ஒருவரின் மகன் அதை வாங்கியிருந்தார். காரின் அடிச்சட்டமான சேசியின் இலக்கத் தகடு உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தது. ஆழமாகப் பொறித்திருந்த எஞ்சின் இலக்கம் துரையின் பெயரிலிருந்த முதல் பதிவோடு ஒத்திருந்தது; அதை எனது சொந்தக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். அன்று பிரேக்கையும் விளக்கையும் எஞ்சினையும் பார்த்தேன். வேறெதையும் பார்க்கவில்லை. பின்னர் கார் தெற்கே விற்கப்பட்டதாகக் கேள்வி.

பல்வைத்தியர் தமது காரை, இலங்கையில் இருந்த வேறொரு தோட்டத்துரையின், கனடாவில் குடியேறிய விதவையிடம் வாங்கியவர். அது இலங்கையிலிருந்து வந்தது என்பது மட்டுமே அவருக்குத் தெரியும். கடையில் அதைப் பற்றிப் பேசியபோது, எங்கள் கட்டடத்தில் பழைய பரிசோதகர் ஒருவர் இருக்கிறார் என்று அம்மையார் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். மறுவாரம் பல்வைத்தியர் என் வீட்டு வரவேற்பறையில் இருந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்த மூன்று குறிப்புப் புத்தகங்களில் ஒன்றை எடுத்தேன். பல்வைத்தியர் எழுதிக் கொண்டுவந்திருந்த எஞ்சின் இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று.

கனடாவில் எனது படிப்பையும் பதவியையும் கேட்ட முதல் மனிதர் அவர். அதற்கு முன் என்னிடம் கேட்கப்பட்டதெல்லாம் இந்தக் குளிரில் உங்களால் நடக்க முடியுமா என்பதுதான். எனவே ஊக்கத்துடன் உழைத்தேன். நூலகங்களுக்குப் போனேன். இங்கிலாந்துக்குக் கடிதங்கள் எழுதினேன். பழைய பிரித்தானியக் கார் வைத்திருப்போர் ஒவ்வொரு கோடையிலும் ஏரிக்கரைப் பூங்காவில் கூடுவார்கள். உண்மையில் பந்தயம் ஓடிய கார்களுக்கு அங்கே தனி வரிசை உண்டு. அந்த வரிசையில் அந்தக் கார் நிற்க வேண்டுமானால் எழுத்தில் வரலாறு வேண்டும். நான் ஆங்கிலத்தில் பதினொரு பக்கம் எழுதி, இது அதே கார் என்று உறுதி கூறிக் கையெழுத்திட்டேன். அச்சாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நானே வாசிப்பதாக ஏற்பாடு. எங்கள் ஊர்ச் சங்கத் தலைவரையும் யூனியன்வில்லில் இருக்கும் சம்பந்தி வீட்டாரையும் அழைத்திருந்தேன்.

அதற்கு முன்னதாக அந்தப் பதினொரு பக்கங்களையும் வீட்டில் தமிழில் வாசித்துக் காட்டினேன். அம்மையாரும் வந்திருந்தார். மனைவி கேட்டு முடித்துவிட்டு, "எங்கடை கலியாணத்தைப் பற்றி இவர் ஒரு பக்கமும் எழுதேல்லை" என்றார். அம்மையார் சிரிக்கவில்லை. பொத்தான்களைப் பற்றி நான் எழுதியிருந்த வரியை மறுபடி வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அது அழகான வரி என்பதால் கேட்கிறார் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை காலை கடையிலிருந்து தொலைபேசியில் அழைத்தார்.

"ஐயா, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போங்கோ. நான் மூடித் தைக்கமுன்னம்."

"என்ன பிரச்சினை?"

"வந்து பாருங்கோவன்."

இருக்கைகள் கழற்றப்பட்ட நிலையில் கார் நின்றது. இருக்கைகளைச் சுற்றி ஓடும் விளிம்பில் ஒட்டித் தைத்திருந்த தோலை அவர் முற்றாகப் பிரித்து மடித்து வைத்திருந்தார். வெறும் தகடு தெரிந்தது.

"அண்டைக்கு வாசிச்சனீங்கள், இடப்பக்கத்தைத் துணியாலை மூடினது, சுத்திவர மின்னின பொத்தான் எண்டு."

"ஓம். நான் கண்ணாலை கண்டது."

"அந்தப் பொத்தான் எதிலை இருந்தது, ஐயா?"

தகட்டில் விரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை தடவினேன். பொத்தானின் அடிப்பாகத்தைத் தகட்டில் பூட்டத் துளைகள் வேண்டும்; இதுவோ கண்ணாடி போல இருந்தது.

"பிறகு துளையை அடைச்சிருப்பினம்," என்றேன்.

"அடைச்சால் விரலிலை தட்டுப்படும். மூண்டுதரம் தடவிப்போட்டுத்தான் உங்களைக் கூப்பிட்டனான்."

"தகட்டை மாத்தியிருப்பினம். தோலும் புதுசாய் இருக்கலாம்."

மடித்து வைத்திருந்த தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "உது முதல் தோல். நூலும் முதல் நூல். ஊசி போன ஓட்டை ஒவ்வொரு இடத்திலையும் ஒண்டுதான் கிடக்கு, பாருங்கோ. இரண்டாந்தரம் தைச்சிருந்தால் பக்கத்திலை இன்னொண்டு கிடக்கும். உந்தக் காரை எனக்கு முதல் ஒருத்தரும் பிரிக்கேல்லை. உதிலை ஒருநாளும் பொத்தான் இருக்கேல்லை."

நான் அங்கிருந்த ஸ்டூலில் அமர்ந்தேன். எனக்கு அந்தக் கணத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்தில் எங்கள் நாட்டில் ஒரு காரின் எஞ்சின் மூன்று கார்களில் வாழ்ந்திருக்கிறது. உடைந்த காரிலிருந்து எடுத்து நல்ல காரில் பூட்டுவார்கள். அவ்வகை மாற்றங்களை நூற்றுக்கணக்கில் பார்த்து ஒப்பமிட்டவன் நான். அப்படியிருந்தும், சேசித் தகடு அரித்துப்போன ஊரில் எஞ்சின் இலக்கத்தைக் கொண்டே காரை இனங்கண்டு பழகிய கண், கனடாவிலும் அதையே செய்தது. கட்டுகுருந்தவில் நான் கண்ட எஞ்சின் இது. நான் கண்ட கார் இது அன்று.

கடை முதலாளி போர்த்துக்கேயர், கெட்டவர் அல்லர். நடந்ததை நான் விளக்கியதும் தலையைச் சொறிந்தார். பிறகு சுவரிலிருந்து துளையிடும் இயந்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். எத்தனை பொத்தான் இருந்தது என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். ஐந்து நிமிட வேலை, ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் மகிழ்ச்சி என்றார்.

எத்தனை என்பது எனக்குத் தெரியும். அந்த எண் என் நாக்கின் நுனியில் நின்றது. அதை மறைக்க விரும்பவில்லை.

அம்மையாருக்கு அவர் பேசியது முழுவதும் விளங்கியிராது. ஆனால் இயந்திரத்தைக் கண்டார். விளிம்பின் மேல் தமது இடக்கையை விரித்து வைத்தார்.

"ஐயா, உவரிட்டைச் சொல்லுங்கோ. தையல் எண்டால் பிழைச்சாலும் பிரிக்கலாம். துளையை என்னெண்டு பிரிக்கிறது?"

மொழிபெயர்த்தேன். முதலாளியின் முகம் சிவந்தது. அப்படியானால் அவரை வீட்டுக்குப் போகச் சொல் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன்.

"போறன் எண்டு சொல்லுங்கோ. உதைத் தைச்சு முடிச்சிட்டுப் போறன். திறந்தபடி விட்டிட்டுப் போகேலாது."

முதலாளி இயந்திரத்தைத் திரும்பச் சுவரில் மாட்டிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். அம்மையார் கையை எடுத்து, ஊசியில் நூல் கோத்தார். நான் வெளியே வந்து பஸ் தரிப்பில் நின்றேன். இரண்டு பஸ்களைப் போகவிட்டேன்.

என் நிலையையும் வாசகர் உணர வேண்டும். அந்த நகரில் எனக்கென்று இருந்தது எனது பெயர் ஒன்றுதான். வீடு மூத்த மருமகனுடையது. பதினொரு பக்கமும் அச்சாகி, அடியில் எனது பெயரும் பழைய பதவியும் இருந்தன. நான் வாய் திறக்காவிட்டால் எவருக்கும் தெரியப்போவதில்லை. தோல் மூடிவிடும். அவரும் தாமாகச் சென்று எவரிடமும் சொல்லமாட்டார் என்பதை அறிவேன். என்னிடம் காட்டியதோடு தமது வேலை முடிந்ததென்பது அவர் எண்ணம்.

வெள்ளிக்கிழமை பல்வைத்தியரின் சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். வெள்ளை அங்கியோடு வந்து நான் சொன்னதைக் கேட்டார்.

"எஞ்சின் உண்மையானதுதானே?"

"உண்மையானது."

"அப்படியானால் நீங்கள் எழுதியதில் பாதி சரி. அந்தப் பாதியோடு விட்டுவிடலாமே."

"பாதி சரி என்று நான் எந்த வாகனத்துக்கும் சான்றிதழ் கொடுத்ததில்லை," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் அச்சிட்ட பக்கங்களை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கையால் எழுதிய ஒரே தாளை வாசித்தேன். இந்தக் காரின் எஞ்சின் இலங்கையில் பந்தயம் ஓடியது, கார் ஓடவில்லை, நான் தவறாக உறுதி கூறினேன், தவறைக் கண்டவர் இருக்கை தைக்கும் இந்த அம்மையார். எங்கள் சங்கத் தலைவர் தமது சப்பாத்தைப் பார்த்தார். பூசை முடிந்து நேராக வந்திருந்த அம்மையார் கூட்டத்தின் பின்னால் நின்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது அவர் பக்கத்துக் காரின் துணிக்கூரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சொந்தக்காரர் சங்கடத்தோடு அதை மறைத்து நின்றார்.

பல்வைத்தியர் எவரும் சொல்லாமலே காரில் ஏறி, பந்தய வரிசையிலிருந்து சாதாரண வரிசைக்கு அதை ஓட்டிச் சென்றார். மிக மெதுவாகத்தான் ஓட்டினார். அந்த எஞ்சினின் ஒலி, கம்பி வேலிக்கு இப்பால் நின்று நான் கேட்ட அதே ஒலி. முன்னால் நின்ற பந்தயக் கார்க்காரர் இருவர் தொப்பியைக் கழற்றினார்கள். எஞ்சினுக்காகவா, பல்வைத்தியருக்காகவா என்று நான் கேட்கவில்லை. என் தலை அன்று நிமிர்ந்தே இருந்தது.

வீடு திரும்பும் வழியில் சம்பந்தி சொன்னார்: "ஒரு பொத்தான் ஓட்டைக்காக உவ உங்களைச் சபையிலை நிப்பாட்டிப்போட்டா."

"நிப்பாட்டேல்லை. நானாய்த்தான் நிண்டனான்," என்றேன்.

கடை முதலாளி சில வாரம் அம்மையாருடன் பேசவில்லை. பிறகு, புதிதாக வரும் எந்தப் பழைய காரையும் தாம் தொடுமுன் அவரை அழைத்துக் காட்டத் தொடங்கினார். துணிக்கூரையையும் அவரே தைக்க வேண்டும் என்று பல்வைத்தியர் எழுதி அனுப்பினார். என் பதினொரு பக்கங்களை நான் திருத்தி எழுதிக் கொடுத்தேன். அது முன்னையதைவிட நல்ல கட்டுரை. கூரை தைத்து முடிந்ததும் அதையும் அவர் ஒருமுறை முழுவதும் பிரித்தார் என்று கேள்வி. ஏன் என்று எவருக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் இறுதியில் அவருடைய மகன் விட்பியில் வீடு வாங்கினார்; அவரும் போய்விட்டார். அதன்பின் இருமுறைதான் கண்டேன். அவர் காலமாகி முப்பத்தொன்றாம் நாள் நினைவுப் பூசையில் கொடுத்த மலர்ப் புத்தகத்தில் அவரது வாழ்க்கைக் குறிப்பு அச்சாகியிருந்தது. ஓய்வுபெற்ற மோட்டார் வாகனப் பரிசோதகர் ஒருவருக்கு உதவியாளராக இருந்து, பழைய பந்தயக் கார் ஒன்றின் வரலாற்றை எழுத அவருக்கு உதவினார் என்று அதில் ஒரு வரி இருக்கிறது. மகன் நல்லெண்ணத்தோடு எழுதியிருப்பார். எனினும் அது பிழை. அவர் எவருக்கும் உதவியாளராக இருந்ததில்லை. அந்த வரலாற்றை எழுத எனக்கு உதவவும் இல்லை. நான் எழுதிக் கையெழுத்திட்ட பிழை சபைக்கு வராமல் தடுத்தார்.